நிலைக்களன் இழந்த உணர்ச்சி: சைக்கோ பைரேட் பாத்திரம் குறித்த மெய்ப்பாட்டு நோக்கிலான திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க மீநாயகச் சித்திரக்கதைகளில் பிறருடைய உணர்ச்சிகளைத் தன் விருப்பப்படி ஆட்டிவைக்கும் வில்லன்களுள் டிசி நிறுவனத்தின் சைக்கோ பைரேட் தனித்துக் கருதத்தக்கவன். அவன் விளைக்கும் தீங்கு அச்சம், வெறுப்பு போன்ற கொடிய உணர்ச்சிகளைத் தூண்டுவதில் அடங்கிவிடுவதில்லை. உணர்ச்சியை அதற்குரிய காரணத்திலிருந்து பிரித்துவிடுவதே அவனுடைய அடிப்படைத் தீமை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் நிலைக்களன்களை வகுத்துரைப்பது இக்கருதுகோளைச் சோதிக்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. 1944 முதல் 2019 வரையிலான தேர்ந்தெடுத்த கதைகளில் இப்பாத்திரம் பெற்ற வளர்ச்சியும், மார்வெல் நிறுவனத்தின் சைக்கோ மேன் கதையொன்றும் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, வில்லன், மெய்ப்பாடு, நிலைக்களன், முகமூடி, சைக்கோ பைரேட்

முன்னுரை

மீநாயகச் சித்திரக்கதைகளின் வில்லன்களை அவர்கள் எதைக் கைப்பற்ற முயல்கிறார்கள் என்பதைக் கொண்டு வகைப்படுத்தலாம். பொருளைக் கவர்பவர்கள் உளர். நாட்டையோ உலகையோ ஆள விழைபவர்கள் உளர். பிறர் மனத்தைக் கைப்பற்றுபவர்களும் உளர். மனத்தைக் கைப்பற்றுபவர்களிலும் இரு வகையினரைக் காணமுடிகிறது. 1964இல் டேர்டெவில் நான்காம் இதழில் தோன்றிய பர்ப்பிள் மேன் பிறருக்குக் கட்டளையிடுகிறான். கேட்டவர் அதை நிறைவேற்றியாக வேண்டும். அவன் கைப்பற்றுவது செயலை. சைக்கோ பைரேட் எதையும் ஆணையிடுவதில்லை. அஞ்சச் செய்கிறான், அழச் செய்கிறான், வெகுளச் செய்கிறான். அதன்பின் நிகழ்வதையெல்லாம் பாதிக்கப்பட்டவர் தாமே விரும்பிச் செய்வதாகவே எண்ணிக்கொள்கிறார்.

இந்த இரண்டாம் வகைத் தீமை நுட்பமானது. கட்டளைக்கு உட்பட்டவர் பின்னர் அதை நினைந்து வருந்தும்போது ‘அது என் விருப்பமன்று’ என்று சொல்ல இயலும். உணர்ச்சி மாற்றப்பட்டவருக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவருடைய வெறுப்பை உணர்ந்தவர் அவரே. அச்சத்தில் நடுங்கியதும் அவருடைய உடலே. உணர்ச்சி ஒருவருடையதாவது அதை அவர் உணர்வதனாலா, அதற்கு அவருடைய வாழ்வில் காரணம் இருப்பதனாலா என்ற வினாவை இப்பாத்திரம் எழுப்புகிறது. இவ்வினாவிற்கு இக்கதைகள் அளிக்கும் விடைகளையும், விடையளிக்கத் தவறும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. முகமூடிக்கு முன்: அச்சுக்கோப்பவரின் பழி

முதல் சைக்கோ பைரேட் 1944-45 குளிர்காலத்தில் வெளிவந்த ஆல் ஸ்டார் காமிக்ஸ் 23ஆம் இதழில் தோன்றினான். கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத, ஜோ கல்லாகர் வரைந்த கதை அது. சார்லஸ் ஹால்ஸ்டெட் என்னும் அப்பாத்திரத்திற்கு மீயாற்றல் ஏதும் இல்லை. முகமூடியும் மந்திரமும் இல்லை. நாளிதழ் அச்சகத்தில் லைனோடைப் பொறியில் எழுத்துக் கோக்கும் தொழிலாளி அவன். தன் முதலாளியின் வளர்ச்சியைக் கண்டு பல்லாண்டு புழுங்கிய பொறாமை அவனைக் குற்றவாளியாக்குகிறது. அவன் திட்டமிடும் குற்றங்கள் ஒவ்வொன்றும் ஓர் உணர்ச்சியை அடிப்படையாகக் கொண்டவை.

இக்கதையில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, உணர்ச்சிகளைக் கருவியாக்கும் வில்லன் அச்சுத்தொழிலிலிருந்து வருகிறான் என்பது. போர்க்காலத்தில் நாளிதழின் சொற்களை ஈயத்தில் வார்த்துக் கோத்த ஒருவன், மக்களின் அச்சமும் நம்பிக்கையும் அச்சேறுவதை நாள்தோறும் கண்டவன். இரண்டாவது, அவனுடைய சொந்த உணர்ச்சிக்குக் காரணம் இருக்கிறது என்பது. அவனது பொறாமை அறமற்றதாயினும் எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குத் தெரியும். அவன் பிறரிடம் தூண்டும் உணர்ச்சிகளும் சூழ்ச்சியால் உருவாக்கப்பட்ட சூழல்களிலிருந்தே பிறக்கின்றன. பிறரை அஞ்சவைக்க வேண்டுமாயின் அஞ்சத்தக்க ஒன்றை அவன் ஏற்பாடு செய்தாக வேண்டும். ஆகவே ஹால்ஸ்டெட் உணர்ச்சியின் இயல்பான நெறிக்கு உட்பட்டே இயங்குகிறான். காரணத்தைப் பொய்யாகச் சமைக்கிறானேயன்றிக் காரணத்தை ஒழிப்பதில்லை.

2. மெய்ப்பாட்டின் வரிசையும் முகமூடியின் வரிசையும்

இரண்டாம் சைக்கோ பைரேட்டான ரோஜர் ஹேடன் 1965இல் ஷோகேஸ் 56ஆம் இதழில் அறிமுகமாகிறான். எழுத்து மீண்டும் கார்ட்னர் ஃபாக்ஸ். ஓவியம் மர்ஃபி ஆண்டர்சன். சிறையில் ஹால்ஸ்டெட்டுடன் ஒரே அறையில் இருந்த ஹேடனுக்கு, இறக்கும் தறுவாயில் ஹால்ஸ்டெட் மெடூசா முகமூடிகளைப் பற்றிய மறையைச் சொல்லிச் செல்கிறான். அம்முகமூடிகள் வழியே ஹேடன் எந்த உணர்ச்சியைத் தன் முகத்தில் காட்டுகிறானோ அந்த உணர்ச்சி எதிரே நிற்பவரிடம் பிறக்கிறது. கிரேக்கத் தொன்மத்தில் மெடூசாவின் முகத்தைக் கண்டவர் கல்லாகின்றனர். இங்கே முகத்தைக் கண்டவர் உணர்ச்சியாகின்றனர். இரண்டிலும் காண்பதே கேடு.

இந்த மாற்றத்தின் ஆழத்தை அளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைபுரிகிறது. அமெரிக்கச் சித்திரக்கதை ஆசிரியர்கள் தொல்காப்பியத்தை அறிந்திருந்தனர் என்பது இங்குக் கருத்தன்று. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் முறையை ஆராய்வது மெய்ப்பாட்டியல். உடலை வரைவதன் வழியன்றி உள்ளத்தைக் காட்ட இயலாத கலை சித்திரக்கதை. ஆகவே இவ்வளவுகோல் பொருத்தமுடையதாகிறது.

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நந்நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார். எடுத்துக்காட்டாக, அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், ஒருவர்க்குத் தலைவராகிய இறை ஆகியவை களன்களாகின்றன. உரையாசிரியர் பேராசிரியர் இதனைச் சுவைக்கப்படும் பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என நான்காகப் பகுத்து விளக்குவார். அஞ்சத்தக்க பொருள் முதலில் உள்ளது. அதை எதிர்கொண்டவரிடம் உணர்வு தோன்றுகிறது. உணர்வு உள்ளக் குறிப்பாகிறது. குறிப்பு நடுக்கம், வியர்ப்பு எனப் பிறர் காணும்படி உடலில் வெளிப்படுகிறது. பொருளில் தொடங்கி உடலில் முடியும் வரிசை இது.

ஹேடனின் முகமூடி இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் முகத்தில் மெய்ப்பாடு. அதைக் கண்டவரிடம் உணர்வு. பொருள் எங்கும் இல்லை. அவனெதிரே நிற்பவர் நடுங்குகிறார். ஆனால் அவர் முன் அணங்கும் இல்லை, விலங்கும் இல்லை. அந்த வெற்றிடத்தை அவர் தாமே நிரப்ப முனைகிறார். அருகில் நிற்பவரே விலங்காகவும் கள்வராகவும் தோன்றத் தொடங்குகிறார். காரணம் இல்லாத உணர்ச்சி தனக்கொரு காரணத்தைத் தேடி அலைகிறது. சைக்கோ பைரேட் கதைகளில் நண்பர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்வது மீண்டும் மீண்டும் நிகழ்வதற்கு இதுவே அடிப்படை எனலாம்.

சித்திரக்கதை என்னும் கலையின் இயல்பும் இங்கு நினையத்தக்கது. ஸ்காட் மெக்ளவுட் 2006இல் வெளியிட்ட ‘மேக்கிங் காமிக்ஸ்’ நூலில் வெகுளி, இளிவரல், அச்சம், மகிழ்ச்சி, துயரம், வியப்பு என ஆறு அடிப்படை உணர்ச்சிகளைக் கொண்டு முகபாவங்களை வரையும் முறையை விளக்குகிறார். இப்பட்டியல் தொல்காப்பியரின் எட்டோடு பெரிதும் ஒத்துப்போகிறது. பெருமிதம் மட்டும் இதில் இடம்பெறவில்லை. வாசகர் முதலில் எதிர்கொள்வது வரையப்பட்ட முகத்தை. அவ்வகையில் ஒவ்வொரு சித்திரக்கதை ஓவியரும் மெடூசா முகமூடியையே கையாள்கிறார். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. ஓவியர் வரைந்த அஞ்சிய முகத்திற்கு முந்தைய கட்டத்திலோ அடுத்த கட்டத்திலோ அஞ்சப்பட்ட பொருள் இருக்கும். கட்டங்களின் தொடர்ச்சியே உணர்ச்சிக்கு நிலைக்களன் தருகிறது. தொடரிலிருந்து கிழித்தெடுத்த ஒற்றைக் கட்டம் போன்றது சைக்கோ பைரேட்டின் முகம்.

3. பொய்வெறுப்பும் மெய்வெறுப்பும்

மார்வெல் நிறுவனத்தின் சைக்கோ மேன் கதை இதற்கு ஒப்பீடாகிறது. ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகியோர் 1967இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஐந்தாம் ஆண்டு மலரில் படைத்த இவ்வில்லன் கையில் ஒரு கருவியை வைத்திருக்கிறான். அச்சம், ஐயம், வெறுப்பு என்ற மூன்று சொற்கள் பொறித்த விசைகள் அதில் உள்ளன. ஹேடனின் முகத்தில் எஞ்சியிருந்த மனிதச் சாயல் இங்கே முற்றிலும் மறைந்துவிடுகிறது. உணர்ச்சி ஒரு விசையளவினதாகச் சுருங்குகிறது.

ஜான் பிர்ன் எழுதி வரைந்த 280, 281ஆம் இதழ்களில் (1985) சைக்கோ மேன், வெறுப்பைப் பரப்பும் ஓர் உருவின் வழியே நியூயார்க் நகரில் கலவரத்தைத் தூண்டுகிறான். ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் சூசன், மாலிஸ் என்னும் வன்முறையாளராக மாற்றப்பட்டுத் தன் குடும்பத்தினரையே தாக்குகிறார். அவரை மீட்க அவர் கணவர் ரீட் கையாளும் வழி இக்கட்டுரையின் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. ரீட் அன்பு மொழி பேசி அவரை அமைதிப்படுத்தவில்லை. இழித்துப் பேசியும் அறைந்தும் தன்மீது உண்மையான வெறுப்பு கொள்ளும்படி செய்கிறார். காரணமுள்ள வெறுப்பு பிறந்ததும் காரணமற்ற வெறுப்பு விலகுகிறது. தொல்காப்பியர் வெகுளிக்குரிய களன்களுள் ஒன்றாகச் சொல்லும் ‘அலை’, அதாவது வைதலும் அடித்தலும் போன்ற அலைக்கழிவு, இங்கே ஏறத்தாழ அவ்வாறே அமைகிறது.

இத்தீர்வு உணர்ச்சியின் இயல்பை நன்கு உணர்ந்தது. ஆனால் அறநோக்கில் குறையுடையது. மனைவியை அறையும் கணவனைக் கதை மருத்துவனாகக் காட்டி அமைதிகொள்கிறது. அறை விழுந்த கன்னத்தின் பக்கமிருந்து அது ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் 284ஆம் இதழில் சூசன், ‘இன்விசிபிள் கேர்ள்’ என்ற தம் பெயரைக் கைவிட்டு ‘இன்விசிபிள் வுமன்’ என்று தம்மை அழைத்துக்கொள்கிறார். தம் உள்ளத்தில் வைக்கப்பட்ட வெறுப்பு எங்கிருந்து வந்தது, தமக்கே உரிய வெகுளி எது என்று வேறுபடுத்தி அறிந்தவரின் முடிவு அது. உணர்ச்சி கையாளப்பட்டவர் தம் உணர்ச்சிக்குத் தாமே உரிமை கொண்டாடுவதை இவ்வகைக் கதைகளில் அரிதாகவே காணமுடிகிறது.

4. அழிக்கப்பட்ட நிலைக்களன்

அதே 1985இல் டிசி நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்னும் பன்னிரண்டு இதழ்த் தொடரை வெளியிடத் தொடங்கியது. எழுத்து மார்வ் வுல்ஃப்மன். ஓவியம் ஜார்ஜ் பெரெஸ். பல்லாண்டுகளில் பெருகிப்போயிருந்த இணை உலகங்களை அழித்து, புதிய வாசகர் எளிதில் நுழையக்கூடிய ஒரே உலகமாக ஆக்குவது அதன் நோக்கம்.

இத்தொடரில் ஆன்ட்டி மானிட்டர் என்னும் பேரழிவாளன் சைக்கோ பைரேட்டைத் தன் கருவியாக்கிக்கொள்கிறான். அதற்குக் கூலியாக அவனுக்கு வாக்களிக்கப்படுவது உணர்ச்சிகளை ஆட்டிவைத்து விளையாட ஓர் உலகம். பிறர் உணர்ச்சியின்றி வாழமுடியாத பசியுடையவனாக ஹேடன் இங்கே சித்திரிக்கப்படுகிறான். மூன்று உலகங்களின் வீரர்களை ஒருசேர வெறுப்பில் ஆழ்த்தி, உதவ வந்தவர்களையே தாக்கச் செய்கிறான். அவ்வளவு பெரிய கூட்டத்தை ஆட்டிவைத்ததில் அவனுடைய ஆற்றலே வற்றிப்போகிறது. எட்டாம் இதழில் சிறைப்பட்டிருந்த ஃப்ளாஷ் அவனை வென்று, அவனுடைய ஆற்றலைக் கொண்டே எதிரியின் படையினரிடம் வெகுளியை மூட்டி அவர்களைத் தம் தலைவனுக்கு எதிராகத் திருப்புகிறார். பின்னர் உலகங்களைக் காக்கும் முயற்சியில் தாமே உயிர்விடுகிறார். வில்லனின் கருவியை நாயகரும் எடுத்தாளுகிறார் என்பதைக் கதை தடுத்து வினவுவதில்லை. பிற்காலக் கதைகளில் இவ்வினா திரும்பி வருகிறது.

ஏழாம் இதழில் சூப்பர் கேர்ள் இறக்கிறார். உயிரற்ற அவரது உடலை ஏந்தி அழும் சூப்பர் மேனை வரைந்த அவ்விதழின் அட்டை, மீநாயகக் கதை வாசகர்கள் நன்கறிந்த படங்களுள் ஒன்று. 1959 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாசகர் பழகிய பாத்திரம் அது. ஆயின் தொடர் முடிந்தபின் உலகத்தின் வரலாறே மாற்றி எழுதப்படுகிறது. 1986இல் ஜான் பிர்ன் எழுதிய ‘தி மேன் ஆஃப் ஸ்டீல்’ தொடரிலிருந்து, கிரிப்டான் கோளில் உயிர் பிழைத்தவர் சூப்பர் மேன் ஒருவரே என்று கதை நிலைபெறுகிறது. சூப்பர் கேர்ள் இறந்தார் என்பதும் இல்லாமற்போகிறது. அவர் பிறக்கவே இல்லை. அழுகைக்குரிய களன்களுள் தொல்காப்பியர் இழவையும் வைக்கிறார். இங்கே இழவே திரும்பப் பெறப்படுகிறது. வாசகரின் துயரம் மட்டும் எஞ்சுகிறது.

தொடரின் கடைசிப் பக்கத்தை நூலாசிரியர்கள் எந்த நாயகருக்கும் அளிக்கவில்லை. மனநலக் காப்பகம் ஒன்றில் கட்டுச்சட்டை அணிவிக்கப்பட்டு அமர்ந்திருக்கும் சைக்கோ பைரேட்டுக்கு அளிக்கின்றனர். மற்றவர்களெல்லாம் மறந்துவிட, அழிந்த உலகங்களை அவன் ஒருவன் நினைவில் வைத்துப் புலம்பிக்கொண்டிருக்கிறான். பிறருக்குக் காரணமற்ற உணர்ச்சியை வழங்கியவன், காரணம் அழிக்கப்பட்ட உணர்ச்சிக்குத் தானே இரையாகிறான். காப்பக ஊழியர் கண்ணுக்கு அவன் பித்தன். வாசகருக்கோ அவன் ஒருவனே உண்மை அறிந்தவன். அப்பக்கத்தை வாசிப்பவரும் அவனுடைய நிலையிலேயே இருக்கிறார். நடந்தது நடக்கவில்லை என்று நிறுவனம் அறிவித்தபின்னும் அதற்காக வருந்திக்கொண்டிருப்பவர் அவர். வில்லனுக்குரிய தண்டனையாக அமைந்த இப்பக்கம், வாசகரின் துயரத்திற்கு அத்தொடர் அளித்த நேர்மையான ஒரே ஏற்பாகவும் அமைந்துவிடுகிறது.

5. ஆசிரியரும் முகமூடியும்

கிராண்ட் மோரிசன் எழுதிய ‘அனிமல் மேன்’ தொடர் (1988-1990) இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசெல்கிறது. 1990இல் வெளிவந்த 23, 24ஆம் இதழ்களில், காப்பகத்திலிருக்கும் சைக்கோ பைரேட்டின் நினைவிலிருந்தும் முகமூடியிலிருந்தும் அழிக்கப்பட்ட உலகங்களின் பாத்திரங்கள் உயிர்பெற்று வெளிவருகின்றன. தாம் கதைமாந்தர் என்பதையும், தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உளர் என்பதையும் அவர்கள் உணர்கின்றனர். இறுதியில் ஹேடன் மெல்ல மறைந்துபோகிறான். இங்கே முகமூடி சேமிப்புக் கிடங்காகப் பொருள்கொள்கிறது. உணர்ச்சிகளின் கருவியாயிருந்தது, அவ்வுணர்ச்சிகளுக்குக் காரணமாயிருந்தவர்களையும் தன்னுள் காத்துவந்ததாக மோரிசன் மாற்றியமைக்கிறார்.

இத்திருப்பத்தின் முழுப்பொருள் 26ஆம் இதழில் வெளிப்படுகிறது. தம் மனைவியையும் குழந்தைகளையும் கொலைக்குப் பறிகொடுத்த அனிமல் மேன், கதையின் ஆசிரியரையே நேரில் சந்திக்கிறார். அவர்கள் ஏன் கொல்லப்பட்டனர் என்பதற்கு ஆசிரியரிடம் தகுந்த விடை இல்லை. வாசகரின் உள்ளத்தை அசைக்க எளிய வழி அது என்பதே அங்குக் கிடைக்கும் விளக்கத்தின் சாரம். தம் வளர்ப்புப் பூனையின் இறப்பில் தாம் அடைந்த துயரையும் ஆசிரியர் அங்கே பேசுகிறார். அத்துயரமும் கதைக்குப் பொருளாகிவிட்டதை அவர் மறைப்பதில்லை.

ஆசிரியரும் சைக்கோ பைரேட்டும் ஒரே தொழிலினர் என்ற குற்றச்சாட்டை ஆசிரியரே தம்மீது சுமத்திக்கொள்கிறார். இக்குற்றச்சாட்டு எவ்வளவு உண்மை? கதையில் வரும் இறப்பு உண்மையில் நிகழாதது; எனினும் வாசகர் அழுகிறார். அப்படியாயின் எல்லாக் கற்பனை இலக்கியமும் காரணமற்ற உணர்ச்சியைத் தருவதாகிவிடாதா? மேலே கண்ட வரிசையே இதற்கு விடையளிக்கிறது. கதை தன் உலகினுள் பொருளைப் படைத்து, அப்பொருளிலிருந்து உணர்வைப் பிறப்பிக்கும்போது வாசகர் ஏமாற்றப்படுவதில்லை. பொருள் கற்பனையே எனினும் அதற்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவு மெய்யானது. அழவைக்க வேண்டும் என்ற முடிவு முதலில் எடுக்கப்பட்டு, அதற்கேற்ப ஓர் இறப்பு பின்னர் தேடிக் கொணரப்படும்போதே ஆசிரியர் முகமூடி அணிகிறார். மோரிசனின் ஆசிரியப் பாத்திரம் கதையின் முடிவில் அனிமல் மேனுக்கு அவர் குடும்பத்தை உயிருடன் திருப்பித் தருவது இதனை உணர்ந்ததன் அடையாளமாகும். அதுவும் ஆசிரிய ஆற்றலின் மற்றொரு விளையாட்டே என்ற ஐயம் எஞ்சுவதையும் மறுப்பதற்கில்லை.

இதனோடு ஒப்பிட, ஜெஃப் ஜான்ஸ் எழுதிய ‘இன்ஃபினிட் கிரைசிஸ்’ (2005-2006) பின்னடைவாகவே அமைகிறது. அங்கே சைக்கோ பைரேட் மற்றொருவரின் திட்டத்திற்கு ஏவலாளாக வந்து, பிளாக் ஆடம் அவனுடைய முகமூடியையே அவன் தலைக்குள் அழுத்திக் கொல்ல மடிகிறான். காட்சி வாசகரைத் திடுக்கிடச் செய்கிறது. ஆயின் இருபது ஆண்டுகளாக இப்பாத்திரம் சுமந்துவந்த வினாவுக்கு அதில் இடமில்லை.

6. மருந்தாகும் முகமூடி

2016இல் தொடங்கிய பேட்மேன் தொடரில் டாம் கிங் இப்பாத்திரத்தை மீண்டும் மையத்திற்குக் கொணர்கிறார். டேவிட் ஃபின்ச் ஓவியத்துடன் அமைந்த ‘ஐ ஆம் கோதம்’ கதையில், நகரைக் காக்க முன்வரும் கோதம், கோதம் கேர்ள் என்னும் உடன்பிறந்தோர் இருவர்மீதும் சைக்கோ பைரேட்டின் ஆற்றல் பாய்கிறது. உளங்குலைந்த அண்ணன் மடிகிறான். தங்கை கிளேர் நீங்காத அச்சத்துடன் எஞ்சுகிறாள்.

கிளேரின் அச்சத்தைக் கிங் கையாளும் முறை முந்தைய கதைகளினின்று வேறானது. முன்பெல்லாம் முகமூடியின் ஆற்றல் விலகியதும் பாதிக்கப்பட்டவர் இயல்புநிலைக்குத் திரும்பிவிடுவார். கிளேருக்கு அது தங்கிவிடுகிறது. வானில் பறக்கவல்ல அவளால் அதை வெல்ல முடியவில்லை. அவளைச் சூழ்ந்தோர் ஆறுதல் சொல்லியும் பயனில்லை. அஞ்சும் பொருள் ஒன்றைக் காட்டி அது இல்லை என்று தெளிவித்தாலன்றோ அச்சம் தெளியும்? பொருளே இல்லாத அச்சத்தை மறுக்க எந்தச் சொல்லும் இல்லை. பேரிடரோ வன்முறையோ முடிந்து நெடுங்காலம் ஆனபின்னும் அச்சத்துடன் வாழ்பவரின் உளநிலையை இச்சித்திரிப்பு நினைவூட்டுகிறது.

மிக்கேல் ஹனீன் வரைந்த ‘ஐ ஆம் சூசைட்’ கதையில் பேட்மேன், சாண்டா பிரிஸ்கா தீவில் பேனின் பிடியிலிருக்கும் சைக்கோ பைரேட்டைக் கவர்ந்துவரச் செல்கிறார். கிளேரை நலப்படுத்த அவனே தேவை. பேனுக்கும் அவன் அதே காரணத்தால் தேவை. வெனம் என்னும் போதைமருந்துக்கு அடிமையாகி மீண்ட பேன், அதன் பிடியில் மீண்டும் விழாதிருக்க முகமூடி தரும் உளநிலையை நாடுகிறான். ஒரு போதைக்கு மாற்றாக மற்றொரு போதை. நாயகரும் வில்லனும் ஒரே மருந்துக்காகப் போரிடுகின்றனர். இருவரையும் எதிரெதிராக நிறுத்திய கதை, இவ்வொப்புமையால் இருவருக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்துவிடுகிறது.

‘ஐ ஆம் பேன்’ கதையில் பேன் தாக்கிக்கொண்டிருக்க, சைக்கோ பைரேட்டைக் கொண்டு கிளேருக்கு மருத்துவம் நிகழ்கிறது. அவள் தேறுகிறாள். ஆனால் அவள் பெற்ற அமைதியும் முகமூடியிலிருந்து வந்ததே. அச்சத்திற்குக் காரணம் இல்லாதது போலவே அமைதிக்கும் காரணம் இல்லை. சூசன் தம் வெறுப்புக்குரிய காரணத்தை அறிந்து மீண்டார். கிளேருக்கு ஒரு விசை மாற்றி மற்றொரு விசை அழுத்தப்படுகிறது. 2019இல் தொடங்கிய ‘சிட்டி ஆஃப் பேன்’ கதையில் கோதம் நகரைப் பேன் கைப்பற்றி ஆளும்போது, சைக்கோ பைரேட் அவன் பக்கம் நிற்கிறான். கிளேரும் பேட்மேனுக்கு எதிர்ப்பக்கத்தில் காணப்படுகிறாள். கிங் இதனை வெளிப்படையாக விளக்குவதில்லை எனினும், காரணமற்ற அமைதி நிலைத்து நிற்கும் அடித்தளம் ஆகாது என்பதற்குக் கதையே சான்றாகிறது. தன் அச்சத்தையும் அமைதியையும் பிறர் கையிலிருந்தே பெற்ற ஒருத்திக்கு, எவர் பக்கம் நிற்பது என்பதைத் தேர்ந்துகொள்ளும் நிலைக்களன் எது?

முடிவுரை

மேற்கண்ட ஆராய்ச்சியால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஹால்ஸ்டெட்டிலிருந்து ஹேடனுக்கு மாறியபோது சைக்கோ பைரேட் பாத்திரத்தின் தீமை தன் இயல்பிலேயே மாறியது. முன்னவன் பொய்க் காரணங்களைச் சமைத்தான். பின்னவன் காரணமே தேவையற்றதாக்கினான். பொய்க் காரணத்தை ஆராய்ந்து மறுக்கலாம். இல்லாத காரணத்தை மறுக்க இயலாது.

மெய்ப்பாட்டியல் கூறும் வரிசையில் பொருள் முதலாகவும் உடற்குறி இறுதியாகவும் நிற்கின்றன. முகமூடி உடற்குறியை முதலாக்கிப் பொருளை நீக்குகிறது. உணர்ச்சி என்பது உலகைப் பற்றிய ஓர் அறிவு என்ற கொள்கை தொல்காப்பியர் நிலைக்களன்களை வகுத்ததில் உள்ளடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். அஞ்சுபவர் தம்முன் ஏதோ ஒன்று இருப்பதை அறிகிறார். வெகுள்பவர் தமக்கோ தம்மைச் சார்ந்தோர்க்கோ இழைக்கப்பட்ட ஒன்றை அறிகிறார். அவ்வறிவைப் பறித்துவிட்டு உணர்ச்சியின் வேகத்தை மட்டும் விட்டுவைப்பதே சைக்கோ பைரேட்டின் கொடுமை.

1985இன் பெருந்தொடர், நிறுவனத்தின் தேவைக்காகக் கதையின் வரலாற்றை அழித்து, வாசகரின் துயரத்திலிருந்து அதன் காரணத்தைப் பறித்தது. அதன் கடைசிப் பக்கத்தில் சைக்கோ பைரேட்டை அமர்த்தியதன் வழியே தன் செயலுக்குத் தானே சான்றும் விட்டுச்சென்றது. மோரிசன் அச்சான்றை ஆசிரியரின் பொறுப்பு பற்றிய வினாவாக விரித்தார். கிங், கையாளப்பட்டவரின் பக்கமிருந்து அவ்வினாவை எழுப்பினார். ஆயின் அவர் காட்டிய மருத்துவம் நோயின் முறையையே பின்பற்றியது.

உணர்ச்சியை மாற்றுவதால் உணர்ச்சி கையாளப்பட்டவர் மீள்வதில்லை. அவருடைய உணர்ச்சிக்கு உரிய காரணம் அவருக்குத் திருப்பித் தரப்பட வேண்டும். காரணமே இல்லையெனின் அது இல்லை என்ற அறிவேனும் தரப்பட வேண்டும். இக்கதைகளுள் அவ்வறிவை அடைந்து, அதன்பின் தம் பெயரையும் தாமே தேர்ந்துகொண்டவர் சூசன் ஒருவரே. எஞ்சியவர்களின் கதைகளில் முகமூடி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறுகிறதேயன்றி, கழற்றப்படுவதில்லை.